மருமகனின் மூப்பு எண்

மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றதும் ஆறுதலாக இருந்தது. இங்கே மாரி பிடித்துவிட்டது. வலையிறவுப் பக்கம் வெள்ளம் ஏறினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மற்றப்படி எல்லோரும் சுகம்.

மருமகனின் விஷயத்தை நீ இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டாய். எனக்கு அது இரண்டு வரியில் முடிகிற விஷயமாகப் படவில்லை. அவன் விமானம் ஓட்டும் அமெரிக்கக் கம்பனி இன்னொன்றோடு சேரப் போகிறது, ஒருவருக்கும் வேலை போகாது என்று மேலிடம் சொல்லிவிட்டது, ஆகவே பயமில்லை என்கிறாய். அந்தப் பேச்சை மட்டும் நம்பி இருக்காதே மச்சான்.

விமானிக்கு மூப்புப் பட்டியலில், அதாவது கம்பனியில் சேர்ந்த வரிசைப் பட்டியலில், உள்ள எண்தான் எல்லாம். எந்த விமானம், கப்டன் இருக்கை எப்போது, எந்த ஊரில் தளம், பொங்கலுக்கு வீட்டில் நிற்பானா இல்லையா, எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும். ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்து அனுப்புவார்கள். அதைத்தான் அவர்கள் ஃபர்லோ என்கிறார்கள்: சம்பளம் இல்லை, ஆனால் திரும்பக் கூப்பிடும் உரிமை இருக்கும். கூப்பிடும்போது அனுப்பப்பட்டவர்களில் மூத்தவருக்கே முதல் இடம். வேறு கம்பனிக்குப் போனால் இருபது வருட அனுபவம் இருந்தாலும் அங்கே அவன் கடைசி ஆள். நான் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தபோது, சாரதிமாரின் மூப்புப் பட்டியலில் ஒரு பெயர் மேலே ஏறினாலே காலையில் கந்தோர் வாசலில் சண்டை நடக்கும். இங்கே இரண்டு கம்பனிகளின் பட்டியலை ஒன்றாகப் பின்னப் போகிறார்கள். யோசித்துப் பார்.

2001 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. என்ற இன்னொரு விமானக் கம்பனியை வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் பெரும் பகுதியினரைப் பட்டியலின் அடியில் ஒட்டிவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் தாக்குதல் நடந்து ஆட்குறைப்பு தொடங்கியபோது அடியில் இருந்தவர்களே முதலில் வெளியே போனார்கள். வருடக்கணக்கில் கப்டனாக இருந்தவர்களும் அதில் அடக்கம். அந்த அநியாயத்தைக் கண்டுதான் மிசூரி மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள் 2007 இல் மெக்காஸ்கில்–பாண்ட் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பட்டியலை நியாயமாகவும் சமமாகவும் இணைக்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம். மருமகன் அமெரிக்கக் கம்பனியில் இருப்பதால் இது அவனுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் அந்தச் சட்டம் பட்டியலைத்தான் காக்கும், வேலையைக் காக்காது. நம் நாட்டில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாத தனியார் இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் அப்படி அனுமதி கேட்க ஓர் ஆணையாளர் இல்லை. அங்கே விமானிக்குச் சங்க ஒப்பந்தம்தான் கவசம். 'ஃபர்லோ செய்யமாட்டோம்' என்ற பந்தி அதில் இருந்தாலும், அடுத்த பந்தியில் விலக்கு எழுதியிருப்பார்கள்: போர், வேலைநிறுத்தம், விமானங்களைத் தரையில் நிறுத்தும் அரசாங்க உத்தரவு, கம்பனியின் கைமீறிய வேறு நிலைமை என்று. 2001 செப்டம்பருக்குப் பிறகு சில கம்பனிகள் அந்த வாசகத்தைக் காட்டித்தான் கொடுத்த வாக்கை மீறின.

இதைவிட நான் அஞ்சுவது வேறொன்று. 2005 இல் யூ.எஸ். எயார்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் சேர்ந்தன. 2007 இல் நடுவர் தந்த பட்டியலை யூ.எஸ். எயார்வேஸ் பக்கத்து விமானிகள் ஏற்கவில்லை. அவர்களே அதிகம் பேர் என்பதால் அடுத்த வருடம் பழைய சங்கத்தையே அகற்றிவிட்டுப் புதுச் சங்கம் வைத்தார்கள். பிறகு வழக்குமேல் வழக்கு. ஒரே கம்பனியின் பெயரில் இரண்டு கூட்டமாக, இரண்டு ஒப்பந்தத்தில், வருடக்கணக்கில் பறந்தார்கள். பொது ஒப்பந்தம் இல்லாததால் நல்ல சம்பளமும் தள்ளிப்போனது. 2008 இல் டெல்டாவும் நோர்த்வெஸ்டும் சேர்ந்தபோது விமானிகள் வேறு வழி எடுத்தார்கள். இணைப்பு முடியுமுன்னே பொது ஒப்பந்தத்தைப் பேசி முடித்தார்கள். பட்டியலை நடுவர் குழுவிடம் விட்டார்கள், அதே டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இந்தியாவிலும் பார், எயார் இந்தியாவும் இந்தியன் எயார்லைன்ஸும் 2007 இல் சேர்ந்து ஐந்து வருடம் கழிந்த பிறகும், புது 787 விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்ற சண்டையில் விமானிகள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அதனால் மருமகனிடம் முதலில் இதைச் சொல்லு: மற்றக் கம்பனி விமானியை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவனும் தன் எண்ணுக்காகத்தான் பயப்படுகிறான். இரண்டு பக்கமும் அடிபட்டால் நிர்வாகத்துக்குக் கொண்டாட்டம்.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்து அவனே வாசிக்கட்டும். ஃபர்லோ பாதுகாப்பு எந்தத் திகதி வரை? இணைப்பு நாளில் பட்டியலில் உள்ள எல்லோருக்குமா, அல்லது பழையவர்களுக்கு மட்டுமா? அவன் இப்போது ஓட்டும் விமானத்தையும் தளத்தையும் மற்றப் பக்கத்தவர் எடுக்காதபடி வேலி போட்டிருக்கிறார்களா, எத்தனை வருடத்துக்கு? வீட்டில் இருக்க நேர்ந்தால் மருத்துவக் காப்புறுதி எவ்வளவு காலம்? இன்னொன்று, 90 நாளுக்குள் மூன்று தடவை விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிராவிட்டால் பயணிகளோடு பறக்க முடியாது. திரும்பக் கூப்பிட்டால் அந்தப் பயிற்சிச் செலவு கம்பனியுடையதா என்றும் பார்க்கட்டும். சங்கக் கூட்டம் ஒன்றையும் தவறவிடக் கூடாது.

புது வீட்டுக் கடனில் இப்போதைக்குக் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று அவனிடம் நான் சொன்னதாகவே சொல்லு. பட்டியல் வரட்டும், பிறகு பார்க்கலாம். தை மாதம் ஊருக்கு வருவதென்றால் முன்கூட்டியே எழுது, கல்லடியில் தம்பியின் வீட்டு மேல்மாடியை ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்