செல்விக்கு, மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். காவடி நல்லபடியாக முடிந்தது. தம்பி இந்த வருடம் பால்குடம் மட்டும் எடுத்தான். ஏழு கறியில் உனக்குப் பிடித்த பலாக்காயும் இருந்தது, நீதான் இல்லை. மடகாஸ்கர் என்ன கண்காணாத சீமையா? விமானம் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. கடிகாரத்திலும் ஒரே ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். போனை எடுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன?

சரி, வேலை இருக்கும். காட்டுக்குத் தனியாகப் போகாதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

கோயிலில் ஒருத்தி கேட்டாள், "உங்க மகள் இன்னும் அந்த ஒரே மரத்தையேவா படிக்கிறாள்?" எனக்கு வந்ததே கோபம். ஒரு மரம் இல்லையம்மா, டியோஸ்பைரோஸ் என்ற அந்தக் கருங்காலிப் பேரினத்தில் உலகம் முழுக்க 700 வகைக்கு மேல் இருக்கிறது, மடகாஸ்கரில் பெயரே வைக்காதவை இன்னும் எத்தனையோ என்றேன். இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, மாற்றி மாற்றி முளைக்கும், ஓரத்தில் பல் இருக்காது, ஆயிரம் மரத்துக்கு அப்படி இலை உண்டு. பூவும் காயும் கிடைத்தால்தான் பேச்சு. அதிலும் ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ வேறொரு மரத்தில், இரண்டும் ஒரே இனம்தான் என்று காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று நீ சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

ஆமாம், வந்திருந்தார். எபேனில் இருக்கும் ஆபீசில் லீவு போட்டுவிட்டு வந்தாராம். மெலிந்திருந்தார். அப்பாவிடம் அந்த 2013 கட்டுப்பாட்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அழியும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் மடகாஸ்கர் கருங்காலி இருக்கிறதே, அது. வெட்டின கட்டையில் இலை ஏது, பூ ஏது, பிடித்து வைத்தாலும் எந்த இனம் என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும், அதற்குத்தான் செல்வி மாதிரி ஆட்கள் வேண்டும் என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அப்படித்தான் பட்டது.

அவன் அவன் கழுத்தில் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிறான். எந்த மரத்துக் கட்டை என்று நீ இருந்தால் நிற்க வைத்துக் கேட்டிருப்பாய்.

அங்கே மரம் வெட்டுகிறவர்கள் நடமாடும் காடாமே. தனியாகப் போகாதே, சொன்னால் கேள். சிம்பசாசா தாவரத் தோட்டத்தில் காய்ந்த செடிகளோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு நிம்மதி.

மாப்பிள்ளை போகும்போது காரில் இருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்தார். "செல்வியோட புத்தகம், இங்கேயே இருக்கட்டும்" என்றார். வீட்டில் இடம் இல்லையாம். உங்கள் வீட்டில் மூன்று அறை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஈரம் பட்டிருக்குமோ என்று ஒன்றைத் திறந்தேன். மேலே நீ ரெதுயி பல்கலைக்கழகத்தில் படித்தபோது அழுத்திக் காயவைத்த கிளை, பழைய பேப்பருக்குள். இலை காய்ந்து விறைத்திருக்கிறது. ஒரே ஒரு காய், அடியில் தொப்பியைக் கவிழ்த்த மாதிரி புல்லி வட்டம், அதன் ஓரம் லேசாக வெளியே மடிந்திருக்கிறது. லேபிளில் டியோஸ்பைரோஸ் என்று மட்டும் எழுதி இனத்தின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறாய். அடியில் உன் கல்யாண ஆல்பம். அதைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

பெட்டியை வைத்து நானாக எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. தலைக்கு எண்ணெய் வை. வேளைக்குச் சாப்பிடு. புயல் காலம், கீழ் அறையில் தண்ணீர் வரும். இரண்டையும் மாடியில் உன் அறைக்கு ஏற்றிவிடட்டுமா, இல்லை மழை விட்டதும் மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பிவிடட்டுமா? அதை மட்டுமாவது எழுது.

அம்மா