எல்லையில் காணாமல் போகும் குதிரைப்பாதைகள்: கவுண்டி கவுன்சில்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் மாவட்ட உள்ளாட்சி மன்றங்களான கவுண்டி கவுன்சில்களில் பொதுவழிகளை (தனியார் நிலத்தின் ஊடேயும் மக்கள் போகச் சட்ட உரிமை உள்ள வழிகளை) கவனித்துவரும் அலுவலர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேசையில் என்னென்ன குவிந்து கிடக்கும் என்று ஓரளவு தெரியும். சாய்ந்த மரம், திறக்காத கேட், குறுக்கே உழுது விதைத்துவிட்ட பாதை, வருடக்கணக்காகக் காத்திருக்கும் வரைபடத் திருத்த விண்ணப்பங்கள். இதற்கு மேல் இன்னொன்றா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற பாதைகளுக்கு நடுவே விட்டுப்போன சின்னத் துண்டுகளைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

நான் கிராவல் சைக்கிள் ஓட்டுகிறவன். ரேஸ் சைக்கிள்போல வளைந்த ஹேண்டில்பார், 40 அல்லது 45 மில்லிமீட்டர் அகல டயர். தார் ரோட்டிலும் போகும், காட்டுக்குள் மர லாரிக்குப் போட்ட ஜல்லிப் பாதையிலும் போகும். ஒரே காட்டுக்குள் சுற்றிச்சுற்றி வருவதில் எங்களுக்குப் பெரிய ஆசை கிடையாது. ஓர் ஊரில் கிளம்பி, காடு, கோதுமை வயல், வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று எல்லாம் தாண்டி வேறோர் ஊரில் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் பாதை நடுவில் அறுந்துபோனால் எங்களுக்கு அத்தனை எரிச்சல்.

சட்டம் உங்களுக்கு மனப்பாடம். நடப்பவரும் குதிரையில் வருபவரும் போக உரிமை உள்ள குதிரைப்பாதையில் சைக்கிளையும் அனுமதித்தது 1968-ம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்றது, நியாயம்தான். சைக்கிளுக்காகப் பாதையில் எந்த வசதியும் செய்துதரும் கடமை கவுன்சிலுக்குக் கிடையாது என்றும் கையோடு சொல்லிவிட்டது. நடைபாதைகளில் எங்களுக்கு உரிமையே இல்லை. மொத்தப் பொதுவழிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. அந்த ஒரு பங்காவது ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

டவுன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் நான் அடிக்கடி போகும் ஒரு தடத்தைச் சொல்கிறேன். இரு பக்கமும் ஹாத்தார்ன் என்ற முட்செடி வேலி. இரண்டு டிராக்டர் சக்கரத் தடம், நடுவில் புல், தடம் முழுக்க உடைந்த சக்கிமுக்கிக் கல். ஒரு கம்பத்தில் நீல அம்பு போட்ட வட்டத் தகடு: குதிரைப்பாதை. கொஞ்ச தூரம் தள்ளி அடுத்த கம்பம், அதில் மஞ்சள் அம்பு: நடைபாதை. நடுவில் கேட் இல்லை, பள்ளம் இல்லை, பாதை குறுகவும் இல்லை. டிராக்டர் தாராளமாகப் போய்வருகிறது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பயன்படுத்தும் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், குதிரைப்பாதையைக் காட்டும் பச்சை நிற நீளக் கோடுகள் நடைபாதைக்கான குட்டைக் கோடுகளாக மாறும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளிவரிசை ஒன்று குறுக்கே ஓடுகிறது. பாரிஷ் எல்லை, அதாவது ஊராட்சி எல்லை!

இது எப்படி நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். 1949-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுவழிகளைக் கணக்கெடுத்தபோது, களவேலையில் பெரும்பகுதி பாரிஷ் கவுன்சில்களின் தலையில் விழுந்தது. ஓர் ஊர்க்காரர் குதிரை போகும் வழி என்று எழுதினார், பக்கத்து ஊர்க்காரர் ஆள் நடக்கும் வழி என்று எழுதினார். எல்லைக்கு வந்த குதிரை என்ன, காற்றில் கரைந்தா போயிருக்கும்? எழுபது வருடத்துக்கு முன் யாரோ எழுதியதுதான் இன்றைக்கும் என்னைச் சைக்கிளை விட்டு இறக்கி, மணிக்கு 60 மைல் வரை கார்கள் போகலாம் என்கிற கிராமத்துச் சாலைக்கு அனுப்புகிறது. இரு பக்கமும் உயர்ந்த வேலி, ஒதுங்க ஓரம்கூட இருக்காது.

துண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இங்கேயே இருக்கிறது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல் ஓடும் சவுத் டவுன்ஸ் வே முழுவதையும் சைக்கிளில் கடக்கலாம். 87 மைல் நீள ரிட்ஜ்வேயில் ஓவர்ட்டன் ஹில்லிலிருந்து ஸ்ட்ரீட்லி வரை தடையில்லை. தேம்ஸைத் தாண்டிக் கிழக்கே போனால் பல இடங்களில் அது நடைபாதை ஆகிவிடுகிறது, நாங்கள் வேறு வழி தேடுகிறோம். சைக்கிள் ஓட்டுபவர்களின் அமைப்பான சைக்ளிங் யூகே 2020-ல் அறிமுகப்படுத்திய கிங் ஆல்ஃபிரட்ஸ் வே, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரிட்ஜ்வே, சவுத் டவுன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து 350 கிலோமீட்டர் சுற்று. அதற்காகப் புதிதாக மலையை வெட்டவில்லை. ஏற்கெனவே இருந்த வழிகளைக் கோத்தார்கள், வழி இல்லாத இடத்தில் தார் ரோட்டில் இறக்கிவிட்டார்கள்.

காடுகளின் கதை வேறு மாதிரி. முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிறகு 1919-ல் வனத்துறை ஆணையம் தொடங்கப்பட்டது. நார்ஃபோக், சஃபோக் கவுண்டிகளின் மணல் நிலத்தில் 1922 முதல் நட்டு வளர்ந்ததுதான் தெட்ஃபர்ட் பைன் காடு. மரம் இழுக்கப் போட்ட தடங்கள் எங்கள் டயருக்கென்றே அளவெடுத்தவை. ஆனால் இத்தகைய பொதுக் காடுகளில் 2000-ம் ஆண்டுச் சட்டம் தந்த உலாவும் உரிமை கால்நடையாக வருபவருக்கு மட்டும். சைக்கிளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அனுமதி. அந்த அனுமதி நியூ ஃபாரஸ்டில் எண் போட்ட கம்பங்கள் உள்ள தடங்களோடு முடிகிறது. மட்டக்குதிரைகள் மேயும் இடம், அங்கே கட்டுப்பாடு இருக்கட்டும். வடக்கே கீல்டர் காட்டில்தான் வேடிக்கை. ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டால், 2003-ம் ஆண்டு நிலச் சட்டப்படி பொறுப்போடு சைக்கிள் ஓட்டுவது உரிமை. மரம் அதே மரம், ஜல்லி அதே ஜல்லி.

வனத்துறை உங்கள் கையில் இல்லை, சரி. காட்டின் வாசலிலிருந்து அடுத்த ஊருக்கு வரும் அரை மைல், ஒரு மைல் உங்கள் கையில் இருக்கிறது. அது பல இடங்களில் நடைபாதையாக இருப்பதால்தான் சனிக்கிழமை காலையில் சைக்கிளைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு ஆட்கள் காட்டுக்கு வருகிறார்கள். சைக்கிள் ஓட்டுவதற்குக் காரில் வருவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

எல்லா நடைபாதைகளையும் திறந்துவிடச் சொல்லவில்லை. ஏணிப்படி வைத்த வேலிகளும் கன்றோடு மாடுகள் மேயும் புல்வெளிகளும் நடப்பவர்களுக்கே இருக்கட்டும். குதிரைப்பாதை முட்டி நிற்கும் இடங்களை மட்டும் பாருங்கள். 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 25-ம் பிரிவில் நில உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டே புதிய குதிரைப்பாதையை உருவாக்கலாம். டிராக்டர் போகும் தடத்துக்கு ஒரு விவசாயி சம்மதிப்பது, வயல் நடுவே புது வழி கேட்பதைவிடச் சுலபம்.

சம்மதம் கிடைக்காத இடங்களில் பழைய ஆவணங்கள் பேசும். தேவாலய வரிக்காக வரைந்த தசமபாக வரைபடங்கள், பொது நிலத்தை வேலியிட்டுத் தனியாருக்குப் பிரித்துக்கொடுத்த அடைப்புத் தீர்ப்புகள், 1910-ம் ஆண்டு நில மதிப்பீட்டு வரைபடங்கள். இவற்றைத் தேடிப் பிடிப்பதில் குதிரைக்காரர்கள் எங்களைவிடப் பல படி மேல். அவர்களும் அதே சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள்தான். இப்படிப் பழைய ஆவணங்களைக் காட்டி வழியுரிமை கோருவதற்கு 2026 கடைசி என்றார்கள், பிறகு 2031 என்றார்கள், கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. அவசரம் தீர்ந்தது என்று கோப்புகளை அலமாரிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து தார் போடாதீர்கள். நிதி வந்தால் முதலில் அதுதான் தோன்றும். குதிரைக் குளம்புக்கும் ஆகாது, எங்களுக்கும் தேவையில்லை. தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால், சேணத்திலிருந்தே திறக்கும்படி நீளக் கைப்பிடி வைத்த கேட், இது போதும். களிமண் பாதைகளில் ஜனவரியில் வராதீர்கள் என்று பலகை வைத்தால் நான் கட்டுப்படுவேன். எல்லோரும் கட்டுப்படுவார்கள் என்று உறுதி தர முடியாது.

பொதுவழி மேம்பாட்டுத் திட்டத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் ஒருமுறை நீங்கள் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அடுத்த முறை, உங்கள் கவுண்டியில் பாரிஷ் எல்லையிலோ காட்டு வாசலிலோ முட்டி நிற்கும் குதிரைப்பாதைகளின் பட்டியலை அதில் வெளியிடுங்கள். எது முதலில் என்பதை நாங்களும் குதிரைக்காரர்களும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம். ஆவணக் காப்பகத்தில் உட்கார ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கிராவல் சைக்கிள்காரன்