கொப்பி எடுத்தனியோ எண்டு மட்டும் கேளாத

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

ஏழு மாதமாய் ஒரு வரி எழுதாதவன் இப்ப மட்டும் ஏன் எழுதுறான் எண்டு கேப்பாய். கேள், கேக்க உனக்கு உரிமை இருக்கு. ஏசிறதுக்கும் ஒரு விசயம் கொண்டு வந்திருக்கிறன்.

அதுக்கு முதல், அம்மாவைப் போன கிழமை உப்புவெளியில போய்ப் பாத்தனான். பிரசர் குறைஞ்சிருக்கு, வாய் குறையேல்ல. நீ அனுப்பின ஜாக்கெட்டை மடிச்சு அலுமாரியில பூட்டி வச்சிருக்கிறா. திருமலை வெயிலுக்கு ஜாக்கெட் அனுப்பினவன் உலகத்தில நீ ஒருத்தன்தான். மொட்டை சீனன்குடாவிலதான் இன்னும், கார் வாங்கிட்டான், பெற்றோலுக்குக் காசு எங்களிட்டக் கேக்கிறான். சரி, நலம் விசாரிச்சாச்சு.

எங்கட ஒபிசில 46 கொம்பியூட்டர். எல்லாத்திலையும் ஃபயர்பொக்ஸ் ப்ரவுசர், 91ஆவது பதிப்பு, ஒபிசுகளுக்கெண்டு கனநாள் வச்சிருக்கிற ஈ.எஸ்.ஆர். வகை, அதுவும் 32 பிட். நான் சேர முதல் இருந்த ஆரோ டேட்டா மிச்சம் பிடிக்கிறன் எண்டு ஒட்டோ அப்டேட்டை நிப்பாட்டி வச்சிட்டுப் போயிட்டார். நானும் கை வைக்கேல்ல. ஓடுற வண்டியை ஏன் கழட்டுவான் எண்டு விட்டிட்டன். 2025 மார்ச் 14ல ஃபயர்பொக்ஸ் செய்யிற மொசில்லாவின்ர ரூட் சேர்ட்டிபிகேட் ஒண்டு, அட்-ஆன் எண்ட துணைப் புரோகிராம்களை நம்பலாமோ எண்டு பாக்கிறது, காலாவதியாகுது, 128க்கு முந்தின பதிப்புகளில, ஈ.எஸ்.ஆர். எண்டால் 115.13க்கு முந்தினதுகளில, அட்-ஆன் எல்லாம் படுக்கலாம் எண்டு அவங்கள் முதலே சொல்லித்தான் இருந்தவங்கள். வாசிச்சனான். வாசிச்சிட்டு ‘பாப்பம்’ எண்டு இருந்தனான். நீ சிரிக்கிறது இங்க கேக்குது.

பிறகு தமிழ் டைப் அடிக்கிற அட்-ஆன் நிண்டிட்டு எண்டு மேல்மாடி முழுக்கச் சத்தம். அப்பதான் எனக்குச் சுறுசுறுப்பு வந்தது. 64 பிட் 128ஐ ஒரே ஸ்கிரிப்டில 46க்கும் இரவோட இரவாய்த் தள்ளிவிட்டன். பழசைக் கழட்டேல்ல, புதுசு மட்டும். வீட்ட போய் மனுசியிட்ட, நான் இல்லாட்டி அந்த ஒபிஸ் ஓடாது எண்டு பெருமையும் அடிச்சனான்.

காலமை எட்டரைக்குப் போறன், செத்தவீடு மாதிரிக் கிடக்குது. கணக்குப் பகுதி அக்கா கதிரையில இருக்காமல் எழும்பி நிக்கிறா. “தம்பி, என்ர எல்லாம் போச்சு.” அவவின்ர புக்மார்க் எப்பிடி எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. ‘திங்கள்’ எண்டு ஒரு ஃபோல்டர், ‘மாசக் கடைசி’ எண்டு ஒண்டு, ‘பெரியவர் கேட்டால்’ எண்டு இன்னொண்டு. ஈ.பி.எஃப். கட்டுற பக்கம், வங்கி, பழைய பாமினி எழுத்தை யூனிகோட் ஆக்கிற பக்கம் எல்லாம் அதுக்குள்ள ஒழுங்காய் அடுக்கி வச்சிருக்கிறா. அது ப்ரவுசர் இல்லையடா, அவவின்ர லாச்சி. நான் இரவில வந்து மேசையைத் தூக்கிட்டு வெறும் மேசை ஒண்டைப் போட்டிட்டுப் போன மாதிரி.

உண்மையில ஒண்டும் போகேல்ல. 2019ல வந்த 67ஆவது பதிப்பிலயிருந்து ஃபயர்பொக்ஸ் ஒவ்வொரு இன்ஸ்டலேசனுக்கும் தனிப் புரொஃபைல், அதுதான் புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கிற ஃபோல்டர், வச்சுக்கொள்ளுது. 32 பிட் இருந்தது ‘புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86’க்குள்ள, 64 பிட் போய்க் குந்தினது பக்கத்து ஃபோல்டரில. விலாசம் மாறினதும் இது ஆரோ புது ஆள் எண்டு நினைச்சு வெறும் புரொஃபைல் ஒண்டைத் திறந்து குடுத்திட்டுது. பழசு ‘ஆப்டேட்டா ரோமிங்’குக்குள்ள, எட்டு எழுத்து வாயில வராத பேரோட, பேசாமல் கிடக்குது. ஃபயர்பொக்ஸுக்குள்ள எபவுட் புரொஃபைல்ஸ் எண்ட பக்கத்துக்குப் போய்ப் பழசைக் காட்டி ‘இதுதான் உன்ர வீடு’ எண்டு டிஃபோல்டாக்கினால் சரி. அக்கா தன்ர ‘திங்கள்’ஐக் கண்டதும் எனக்குப் பிளேன்டீ வந்தது, இஞ்சி போட்டு.

ரெண்டு நாள் மேசை மேசையாய்த் திரிஞ்சன். கீழ்மாடித் தம்பி ஒருத்தன் நான் திருத்தின பிறகு பழைய ஐகனைக் கிளிக் பண்ணிட்டு “இது புதுப் புரொஃபைல் செய் எண்டு கேக்குது அண்ணே” எண்டு வந்தான். புதுசு தொட்ட புரொஃபைலைப் பழசு தொடாது, டேட்டா பழுதாகிடும் எண்டு அதுக்கு ஒரு பயம். நல்ல பயம்தான். இதுக்குள்ள டவுனுக்குள்ள திரியிற மான் ஒண்டு வாசலுக்கு வந்து பியோனின்ர சோத்துப் பார்சலை இழுத்துக்கொண்டு போக, அதுவும் என்னாலதான் எண்ட மாதிரி என்னைப் பாக்கிறாங்கள்.

இனித்தான் விசயம்.

பதிவேட்டுப் பகுதியில ஐயா ஒருத்தர், வாற மாதம் பென்சன். அவற்றை மெசினில சி டிரைவ் நிரம்பி வழியுது, ஃபயர்பொக்ஸ் திறக்கவே மூச்சு வாங்குது. செவ்வாய்க்கிழமை பின்னேரம், காளி கோயில் பூசைக்கு வாறன் எண்டு மனுசிக்குச் சொல்லியிருந்தன். சுத்தமாய் ஒரு புதுப் புரொஃபைல் குடுப்பம் எண்டு நினைச்சன். பழசில இருந்து ‘பிளேசஸ்’ ஃபைலையும் ‘லொகின்ஸ்’ ஃபைலையும் மட்டும் தூக்கிப் புதுசுக்குள்ள வச்சன். புக்மார்க் வந்திட்டுது. சந்தோசத்தில, கொப்பி ஒண்டும் எடுத்து வைக்காமல், பழைய ஃபோல்டரை ஷிஃப்ட் டிலீட், குப்பைத் தொட்டிக்கும் போகாமல் ஒரேயடியாய்.

உனக்கு இப்ப விளங்கியிருக்கும். பாஸ்வேர்ட் இருக்கிறது ‘லொகின்ஸ்’ல, அதைத் திறக்கிற திறப்பு இருக்கிறது ‘கீ4’ எண்ட மற்ற ஃபைலில. பெட்டியை எடுத்துக்கொண்டு திறப்பை எரிச்சிட்டன். புதுப் புரொஃபைல் தன்ர பாட்டில வேற திறப்பு செய்துகொள்ளும், அது இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. டிஸ்க் எஸ்.எஸ்.டி., அழிச்ச இடத்தை ட்ரிம் எண்ட ஒண்டு தானாய்த் துடைச்சிடும். ரிக்கவரி சொஃப்ட்வெயர் ரெண்டு ஓட்டிப் பாத்தன், ஆரோ கலியாணவீட்டுப் படம் மட்டும் வந்தது.

ஐயா ஏசியிருந்தால் எனக்கு லேசு. அவர் ஏசேல்ல. “எனக்குத்தான் தம்பி ஞாபகம் இல்லை, வயசு போட்டுது” எண்டு சொல்லிட்டு ஒரு சிஆர் கொப்பியை எடுத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு இடமாய் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ குடுத்து, புதுசை வடிவாய் எழுதிக்கொண்டிருக்கிறார். மூண்டு நாளாய். சிலதுக்கு ஈமெயில் போறது எப்பவோ விலகிப்போன ஒருத்தற்றை விலாசத்துக்கு, அதுகளுக்குக் கொழும்புக்குக் கோல் எடுத்துக் கெஞ்சுறார். தான் மறந்திட்டன் எண்டுதான் அவர் நம்புறார். நான் பக்கத்தில நிண்டு “ஓம் ஐயா, பரவாயில்லை” எண்டனான் மச்சான். பரவாயில்லை எண்டு நான் சொன்னனான், அவருக்கு.

முப்பது வருசத்துக்கு மேல அந்தக் கதிரையில இருந்த மனுசன். போகேக்க தன்ர மூளை பழுதாப் போச்சு எண்ட நினைப்போட போகப்போறார்.

நாளைக்குக் காலமை சொல்லப்போறன். மனுசி “இப்ப சொல்லி என்ன, கொப்பி எழுதி முடியப்போகுதுதானே” எண்டுறா. எனக்கு அது சரியாய்ப் படேல்ல. ஆனா எப்பிடித் தொடங்கிறது? நீ இருந்தால் என்னைப் பிடரியில பிடிச்சுத் தள்ளிக்கொண்டு போயிருப்பாய், அந்த ஆய்வுகூடக் கண்ணாடி விசயத்தில மாதிரி. இந்தக் கடிதம் கிடைச்ச உடன ஒரு கோல் எடு, இங்க விடிய முதல்.

அம்மாவுக்கு என்னவும் அனுப்பிறதெண்டால் சொக்லேட் அனுப்பு, ஜாக்கெட் வேண்டாம்.

உன்ர
நான்தான்