கனமான குவார்க் அட்டவணைகள்: ஆய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம். கனமான குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் பிணைக்கும் ஆற்றலை, தூரத்தின் தலைகீழியைக் கொண்ட ஓர் உறுப்பாலும் தூரத்தோடு நேர்கோட்டில் வளரும் ஓர் உறுப்பாலும் எழுதும் கார்னல் நிலையாற்றலை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறோம். சார்மோனியம் (சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துகள்) பற்றி அண்மையில் வெளியான ஒரு கட்டுரையில் முப்பதுக்கும் மேற்பட்ட நிலைகளின் நிறைகள், எம்இவி (மெகா எலக்ட்ரான்வோல்ட்) அலகில், இரண்டு தசம இடம் வரை அச்சாகியிருந்தன. சார்ம் குவார்க்கின் நிறை உண்டு. நேர்கோட்டு உறுப்பின் கெழு உண்டு. தற்சுழற்சிகளுக்கு இடையிலான உறுப்பில், ஒரே புள்ளியில் மட்டும் செயல்படும் டெல்டா சார்பை எவ்வளவு பரப்பினார்கள் என்ற எண்ணை மட்டும் காணோம்.

குவார்க்குகளின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் அமைந்த ஜே/சையின் நிறை 3096.9 எம்இவி, எதிரெதிராக அமைந்த ஈட்டா-சியின் நிறை சுமார் 2984. இந்த 113 எம்இவி இடைவெளி பெரிதும் அந்த எண்ணைப் பொறுத்தது. டெல்டாவைப் பரப்பாமல் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் அப்படியே போட்டால், அந்த உறுப்பு குவார்க்குகளை ஒன்றையொன்று இழுக்கவைக்கும் ஈட்டா-சிக்கு அடிமட்டமே கிடையாது: கணக்கீட்டின் படி அளவைக் குறைக்கக் குறைக்க நிறையும் இறங்கிக்கொண்டே போகும். முதல் வரிசைத் திருத்தமாகச் சேர்த்தால் வேறு விடை. எதைச் செய்தார்கள்? கட்டுரையில் பதில் இல்லை. மறுகணக்கிட உட்காரும் ஆய்வு மாணவர் தன் நிரலில்தான் பிழை என்று நம்பி, சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் நியூமராவ் முறையில் மூலப்புள்ளியைச் சரியாகக் கையாண்டோமா, கணக்கை நிறுத்தும் எல்லை ஆரம் போதுமா என்று மாதக்கணக்கில் தேடுவார். பிழை அவரிடம் இருக்காது.

2005இல் பார்ன்ஸ், காட்ஃப்ரே, ஸ்வான்சன் மூவரும் வெளியிட்ட சார்மோனியக் கட்டுரையைப் பாருங்கள். வலுவிசையின் வலிமையைச் சொல்லும் இணைப்பு மாறிலி 0.5461, நேர்கோட்டுக் கெழு 0.1425 ஜிஇவி வர்க்கம் (ஒரு ஜிஇவி என்பது 1000 எம்இவி). சார்ம் நிறை 1.4794 ஜிஇவி, பரப்பல் 1.0946 ஜிஇவி. நான்கே எண்கள். ஜே/சைக்கு 3090, ஈட்டா-சிக்கு 2982 என்ற அவர்களுடைய விடைகளை இன்றும் யார் வேண்டுமானாலும் ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம். தசமத்துக்குப் பின்னால் அவர்கள் எதுவும் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். சார்மோனியத்தில் குவார்க் வேகத்தின் வர்க்கம் ஒளிவேக வர்க்கத்தில் ஏறக்குறைய 0.3. இந்தச் சார்பியல் விளைவை முழுதும் சேர்க்காத கணக்கில், 0.01 எம்இவி யாரை நம்பவைக்க?

ஜே/சை எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாகச் சிதையும் வீதத்தைச் சொல்லும் சிதைவு அகலத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்த வாய்பாட்டின் முதல் வரிசைத் திருத்தக் காரணி, ஒன்றிலிருந்து இணைப்பு மாறிலியின் 16/3π மடங்கைக் கழித்தது. மாறிலி 0.3 என்றால் அகலம் பாதியாகும். நிறைகளைப் பொருத்திய 0.5461ஐயே இங்கும் போட்டால் எஞ்சுவது 7 விழுக்காடு. ஆகவே பலரும் இங்கு வேறொரு மாறிலிக்குத் தாவுகிறார்கள். தாவுவதற்குக் காரணம் சொல்ல முடியும். எந்த எண்ணுக்குத் தாவினோம் என்றாவது எழுத வேண்டாமா? அதை எழுதாமல், சோதனையில் அளந்த 5.5 கேஇவிக்கு (கிலோ எலக்ட்ரான்வோல்ட்) அருகில் விடை வந்தது என்றால், அதற்குப் பெயர் கணிப்பு அல்ல.

இன்னொரு வகைக் கட்டுரையும் உண்டு. நிகிஃபோரோவ்–உவரோவ் என்ற கணித முறையில் ‘பகுமுறைத் தீர்வு’ (எண்கணக்கின்றி வாய்பாடாகவே வரும் தீர்வு) காண்பதற்காக, நேர்கோட்டு உறுப்பிலுள்ள தூரத்தை அதன் தலைகீழியின் அடுக்குகளில் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி விரித்து, இரண்டாம் வரிசையோடு வெட்டிவிடுவார்கள். அந்தப் புள்ளிக்கு உரிய தூரத்தில் விரிவு சரி. மூன்று மடங்கு தூரத்தில் 3 வர வேண்டிய இடத்தில் 2.11 வரும், ஐந்து மடங்கில் 5க்குப் பதில் 2.44. அதற்கப்பால் எவ்வளவு தூரம் போனாலும் 3ஐத் தாண்டாது. குவார்க்குகளைச் சிறைவைக்கும் உறுப்பே காணாமல் போய், மிஞ்சுவது ஹைட்ரஜன் போன்ற ஒரு நிறமாலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான். மூன்று மதிப்பீட்டாளர்கள் பந்தியில் உட்கார்ந்தும் ஒருவர் கையிலும் அது தட்டுப்படவில்லை போலும்.

கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டோம், பொறுத்தருள்க. கேட்பது பெரிதல்ல: அளவுருக்கள் முழுமையாக இல்லாத அட்டவணையை மதிப்பீட்டுக்கே அனுப்பாதீர்கள். பரப்பல், இணைப்பு மாறிலி, அது ஆற்றலோடு மாறுகிறதென்றால் எந்த ஆற்றல் அளவில் என்பது, படி அளவு, எல்லை ஆரம், படியைப் பாதியாக்கினால் நிறை எவ்வளவு மாறுகிறது என்பது எல்லாம் ஒரே பத்தியில் அடங்கும். மூலப்புள்ளியில் எஸ் நிலையின் (சுற்றுக் கோண உந்தம் இல்லாத நிலையின்) ஆர அலைச்சார்பு வர்க்கம், குவார்க் நிறையை நிலையாற்றல் சரிவின் சராசரியால் பெருக்கியதற்குச் சமமாக வருகிறதா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்; பாதி நிரல் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

கூடவே, எந்த நிலைகள் அளவுருக்களைத் தேர்வதற்கான பொருத்தலுக்குள் போனவை, எவை விடையாக வெளியே வந்தவை என்று குறியிடச் சொல்லுங்கள். 2003இல் ஜப்பானின் பெல் சோதனைக் குழு கண்ட எக்ஸ்(3872) என்ற துகள், நடுநிலை டி, டி-நட்சத்திர மீசான் இணையின் வாசலிலேயே, அதாவது அவற்றின் மொத்த நிறைக்கு மிக அருகில், நிற்கிறது. அந்த இணையின் தாக்கத்தைச் சேர்க்காத வெறும் குவார்க் மாதிரி ஒன்று அதன் நிறையை 1 எம்இவிக்குள் தருகிறது என்றால், அது உள்ளீடா விடையா என்று தயவுசெய்து ஆசிரியரைக் கேட்டுவிட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களின் அட்டவணைகளை மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பவர்கள்