ஸ்டென்ட் ஸ்டிக்கர் இருக்கிறது, கதிர்வீச்சுக் கணக்கு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மாரடைப்புச் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அடைப்பை நீக்கி, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். படமும் அழகு. ஆனால் படத்தில் இருக்கிற டாக்டரும் நர்ஸும் எதற்காக ஆறேழு கிலோ கனத்தில் கதிரைத் தடுக்கும் ஏப்ரன் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. அந்த ஏப்ரனைப் பத்தொன்பது வருடம் சுமந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேபில் டாக்டர் திரையில் பார்ப்பது ஓடுகிற எக்ஸ்ரே. காலடியில் ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்திருக்கும் நேரமெல்லாம் கதிர் பாயும். கதிர்க் குழாய் பெரும்பாலும் மேசைக்கு அடியில் இருப்பதால் நோயாளியின் முதுகுப் பக்கமாக நுழைந்து மேலே வரும். அவர் உடம்பில் பட்டுச் சிதறுவது சுற்றி நிற்கும் எங்கள் மேல் விழும். நோயாளிக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை, ஆனால் நேரடியாக. எங்களுக்குச் சிதறல்தான், ஆனால் தினமும் எட்டு பத்து கேஸ். இரண்டு தரப்புக்கும் கணக்கு வேண்டும். அளக்கிற கருவியும் இரண்டு தரப்புக்கும் இருக்கிறது. ஆனாலும் கணக்கு யார் கைக்கும் போய்ச் சேர்வதில்லை.

நோயாளியின் கணக்கை யந்திரமே போட்டுவிடுகிறது. திரையின் ஓரத்தில் மில்லிகிரேயில் (கதிர் அளவின் அலகு) ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்கென்றே செய்யப்படும் யந்திரங்கள் அதைக் காட்டியாக வேண்டும் என்பது சர்வதேசத் தரம். சாதாரண ஆஞ்சியோ என்றால் சில நூறில் நின்றுவிடும். நாள்பட்டு முழுசாக அடைத்துப்போன ரத்தக் குழாயைத் திறக்கப் போனால் இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும். எண் ஐயாயிரத்தைத் தாண்டிப் போனதையும் பார்த்திருக்கிறேன். பெடல் நேரம் ஐந்து நிமிடம் சேரும்போதெல்லாம் யந்திரம் 'பீப் பீப்' என்று கத்தும். விடியற்காலை அலாரத்தை அமுக்குவது போல அதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் அமுக்கியிருக்கிறேன்.

ஒரே இடத்துத் தோலில் 2,000 மில்லிகிரே அளவு விழுந்தால் சிவக்கத் தொடங்கலாம். அதற்கு மேலே போகப் போக முடி கொட்டும், தோல் உரியும், ஆறாத புண்ணும் வரலாம். திரையில் தெரியும் எண் அப்படியே தோலில் விழுந்த அளவு அல்ல. டாக்டர் கதிர்க் குழாயின் கோணத்தை மாற்றி மாற்றி வைத்தால் அது முதுகில் பல இடங்களுக்குப் பங்காகும். ஒரே கோணத்தில் நின்றால், திருப்பிப் போடாத தோசை மாதிரி ஒரே இடம் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் எண் 5,000ஐத் தாண்டினால் நோயாளியிடம் சொல்லி, சில வாரங்களுக்கு முதுகைக் கவனித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பது உலகில் பல இடங்களில் நடைமுறை. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இப்படிப்பட்ட தோல் காயங்களைப் பற்றி மருத்துவர்களை எச்சரித்தது 1994இல்.

நான் வேலை பார்த்த இடத்துக்கு (பெயர் வேண்டாம்) ஒரு லாரி டிரைவர் திரும்பி வந்தார். ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்து மூன்று வாரம் இருக்கும். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு, சுற்றிலும் எரிச்சல். வெளியில் காட்டியதில் படை என்று சொல்லி களிம்பு கொடுத்திருந்தார்கள். அது கேட்காததால் அடுத்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். கதிர் பட்டு வெந்த இடத்தில் கத்தி வைத்தால் அந்த வெட்டே ஆறாமல் போகலாம். சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: படை எங்காவது ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி சதுரமாக வருமா? ஃபைலைப் புரட்டினோம். ஸ்டென்ட்டின் நீளம், அகலம், பேட்ச் நம்பர், ரத்தக் குழாய் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக எத்தனை மில்லி டை ஏற்றினோம், எல்லாம் இருந்தது. திரையோரத்து எண்ணை மட்டும் யாரும் எழுதவில்லை. அவர் கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் கதிர்வீச்சு என்ற சொல்லே இல்லாதபோது, தோல் டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஊழியர்களுக்கு டி.எல்.டி. பேட்ஜ் என்று ஒன்று கொடுப்பார்கள். உள்ளே மூன்று சின்ன வில்லைகள். கதிரின் சக்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆய்வகத்தில் சூடாக்கும்போது வெளிச்சமாகக் கக்கும். வெளிச்சத்தை அளந்தால் எவ்வளவு வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். எளிமையான, நல்ல ஏற்பாடு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பும் கண்டிப்பானது: ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 100 மில்லிசீவர்ட் (ஊழியர்களின் கதிர்க் கணக்குக்கான அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் கூடாது. சர்வதேசப் பரிந்துரையில் ஒரு வருட உச்சம் 50 வரை போகலாம். நாம் அதைவிடக் கறார்.

கறார் எல்லாம் காகிதத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜைச் சேகரித்து அனுப்புவோம், ரிப்போர்ட் வரும்போது எந்த கேஸில் வாங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. சில டாக்டர்களின் பேட்ஜ் டிராயரை விட்டு வெளியே வந்ததே இல்லை. எண் கூடிவிட்டால் விளக்கம் எழுத வேண்டும், கேஸைக் குறைக்கச் சொல்வார்களோ என்ற பயம் வேறு. டிராயர் பேட்ஜுக்கு எப்போதும் பூஜ்யம்தான். இன்னொரு கூத்து: பேட்ஜை ஏப்ரனிலேயே குத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த ஷிஃப்டில் வேறு ஒருவர் அந்த ஏப்ரனை மாட்டுவார். அவர் வாங்கியது இவர் பெயரில் ஏறும்.

ஒழுங்காக மாட்டினாலும் பேட்ஜ் இருப்பது ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில். ஏப்ரனுக்கு வெளியே இருப்பது தலையும் கண்ணும். அதைக் கணக்கில் சேர்க்க, காலருக்கு மேலே இரண்டாவது பேட்ஜ் ஒன்று குத்த வேண்டும். என் பத்தொன்பது வருடத்தில் எனக்கு அது கொடுக்கப்படவில்லை. கண்ணுக்கான ஆண்டு வரம்பு 150 மில்லிசீவர்ட்டாக இருந்ததை, சராசரி 20 ஆகக் குறைக்கச் சொல்லி சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் பரிந்துரைத்தது. காரணம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை செய்யும் இதய மருத்துவர்கள் 56 பேரில் 29 பேருக்கும் நர்ஸுகள் 11 பேரில் 5 பேருக்கும் கண் வில்லையின் பின்பக்கத்தில் மங்கல் தெரிந்தது. கதிர் படாத 22 பேரில் அது இருந்தது 2 பேருக்குத்தான்.

எனக்கு 51 வயதில் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் நடந்தது. வில்லையின் பின்பக்கத்துப் புரை. "ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் எடுத்தீங்களா, சுகர் இருக்கா?" என்று கேட்டார் கண் டாக்டர். இரண்டும் இல்லை. கதிரால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் கண்ணுக்கு எவ்வளவு போனது என்று அளந்திருந்தால் ஏதாவது சொல்லலாம். எண்ணே இல்லாமல் என்ன பேசுவது?

ஒருமுறை ஒரு கம்பெனிக்காரர், யார் எவ்வளவு வாங்குகிறார் என்று அந்த நொடியிலேயே சுவரில் காட்டும் கருவியைக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்திருந்தார். அந்த வாரம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எப்போதும் ஓரமாகத் தள்ளி வைக்கிற கூரைக் கண்ணாடித் தடுப்பை டாக்டரே இழுத்து முகத்துக்கு நேராக வைத்தார். ஊசி போட்டுவிட்டு நாங்கள் இரண்டடி பின்னால் வந்தோம். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று வகுப்பில் படித்ததுதான், கருவியின் திரையில் எங்கள் பட்டை சிவப்பாக மாறுவதைப் பார்த்த பிறகே காலுக்குப் புரிந்தது. விலை கேட்டார்கள், கருவி திரும்பிப் போய்விட்டது.

அதெல்லாம் வாங்கும்போது வாங்கட்டும். நான் கேட்பதற்குச் செலவே கிடையாது. காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்தால், அதன் அட்டையிலிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டி, முன்னும் பின்னும் எடுத்த படங்களின் சி.டி.யையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒட்டாவிட்டால் பணம் நிற்கும். அதனால் நள்ளிரவு எமர்ஜென்ஸியிலும் ஸ்டிக்கரை மறந்ததில்லை நாங்கள். அதே படிவத்தில் அந்த மில்லிகிரே எண்ணுக்கும் ஒரு கட்டம் போடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு வரி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தனியார் கம்பெனிகளும் கேட்டால் ஒரே மாதத்தில் எல்லா கேத் லேபும் எழுத ஆரம்பித்துவிடும். எண் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தால், மூன்று வாரம் கழித்து முதுகை யாரையாவது பார்க்கச் சொல்லி அடியில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாரடைப்பை வைத்துக்கொண்டு யோசித்து நிற்க வேண்டாம். என் தம்பிக்கே இந்தச் சிகிச்சையால்தான் உயிர் வந்தது, நான்தான் அன்றைக்கு டியூட்டி. அவனுடைய எண் 1,340. பழக்கமில்லாமல் அன்றைக்கு மட்டும் என் உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.

என் பெயரைப் போட வேண்டாம். மாத்திரை மருந்துக்கு இன்னும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேத் லேப் செவிலியர்,
திருநெல்வேலி.