மைக்கில் பேசியதற்கும் ரெட் கார்டு வேண்டும்: வடசென்னை கால்பந்து கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் கால்பந்து டோர்னமெண்ட் நடத்தும் கமிட்டி அண்ணன்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் ஒரு பெண்கள் டீமுக்குக் கூடமாட வேலை பார்க்கிறவள் நான். ஷூ வாங்கித் தர ஆள் பிடிப்பது, வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் பேசுவது, மேட்ச் முடிந்ததும் ஒவ்வொருத்தியும் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று போன் போட்டுக் கேட்பது எல்லாம் என் பொறுப்பு. சமீபத்தில் ஒரு ஃபைனல் முடிந்தபிறகு நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கப்பு ஜெயித்த டீமின் ஃபார்வர்டு, ஒரு பையன் மைக் மாதிரி நீட்டிய செல்போனைப் பார்த்துப் பேசினான். தன் கோலைப் பற்றிப் பேசியவரை சரி. அன்று காலையில் நடந்த பெண்கள் மேட்சைப் பற்றிக் கேட்டதும், ஷார்ட்ஸ் போட்டு ஆடிய பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும், அவர்கள் எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பற்றியும் சொன்னான். அந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராத்திரிக்குள் அது ரீல்ஸாகி எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. குடியிருப்பின் பேரைச் சொல்லித் திட்டினால் அது சாதியைச் சொல்லித் திட்டுவதுதான். இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

போட்டியை நடத்தியவர்களிடம் போய்க் கேட்டோம். "ஜெயிச்ச சந்தோஷத்துல ஏதோ பேசிட்டான், சின்னப் பையன், விடும்மா" என்றார் ஒருவர். "கிரவுண்டுக்குள்ள நடந்தாத்தான் எங்க பொறுப்பு" என்றார் இன்னொருவர்.

எங்கள் கோல்கீப்பரின் அப்பா காசிமேட்டில் மீன் லோடு இறக்குகிறவர். மகளை அனுப்பச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. வீடியோவைப் பார்த்த மறுநாள், கிளவுஸ் இரண்டையும் துவைத்துக் காயவைத்து ஒரு கவரில் போட்டு என்னிடம் திருப்பித் தந்துவிட்டார். சண்டை போடவில்லை. "ஊரே பாத்துடுச்சு, வேணாம்மா" என்றார், அவ்வளவுதான். பேசியவனோ அடுத்த வாரமே வேறொரு கமிட்டி நடத்திய செவன்ஸில் (ஆளுக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) வேறு டீமுக்கு வெளி பிளேயராக இறங்கி ஆடினான். தப்பு செய்தவன் ஒரு மேட்சைக்கூட இழக்கவில்லை. ஆட்டத்தை விட்டுப் போனது திட்டு வாங்கியவள்.

அதனால் கேட்கிறேன்: இப்படிப் பேசுகிற வீரரை சஸ்பெண்ட் செய்யுங்கள். பின்னாலிருந்து காலை வாரினால் ரெட் கார்டு கொடுத்து அடுத்த மேட்சில் உட்கார வைக்கிறோம். உங்கள் டோர்னமெண்ட்டின் பேரால் கிடைத்த மைக்கில், உங்கள் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே டோர்னமெண்ட்டில் ஆடிய பிள்ளைகளை அசிங்கப்படுத்தியது மட்டும் எப்படி உங்கள் பொறுப்பில் வராமல் போகும்? ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகளில், நிறம், இனம், பால் போன்ற காரணங்களைச் சொல்லி ஒருவரின் கண்ணியத்தைக் கெடுக்கும் வீரருக்குக் குறைந்தது 10 ஆட்டம் தடை என்று இருக்கிறது. ஆஃப்சைடுக்கும் கார்டுக்கும் ஃபிஃபா விதி என்கிறோம், இதற்கு மட்டும் "விடும்மா" என்கிறோம்.

கருத்துச் சுதந்திரம் என்று சிலர் சொல்வார்கள். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, அரசாங்கம் நம் வாயை அடைத்துவிடாமல் இருப்பதற்கு. இந்தப் பையனை ஜெயிலில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. தன் ஜெர்சியை யார் போடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு லீகுக்கு உண்டு.

ஆனால் இங்கேதான் எனக்குப் பயமும் இருக்கிறது. விதி என்று ஒன்று வந்துவிட்டால், அதைப் பிடிக்காதவர்கள் மேல் திருப்புவது சுலபம். பரிசுப் பணம் இன்னும் வரவில்லை என்று ஒரு கேப்டன் வீடியோ போடுகிறான், மைதானத்தில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லை என்று ஒரு பெண் பேசுகிறாள், ரெஃப்ரி ஒருதலையாக விசில் ஊதினார் என்று ஒருவன் புலம்புகிறான். இதெல்லாம் உங்களுக்குக் கசக்கலாம். ஆனால் யாருடைய பிறப்பையும் உடம்பையும் இழிவாகப் பேசியதில்லை. இதற்காக ஒருவரைக்கூட உட்கார வைக்கக் கூடாது.

முகமது அலியை வடசென்னை குத்துச்சண்டைக்காரர்கள் எவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1980-இல் அவர் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியதைப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். வியட்நாம் போருக்காகப் படையில் சேர மாட்டேன் என்று 1967-இல் அவர் மறுத்தபோது, குத்துச்சண்டை அமைப்புகள் பட்டத்தையும் லைசென்ஸையும் பறித்தன. நல்ல வயதில் மூன்று வருடத்துக்கு மேல் ரிங்குக்கு வெளியே நின்றார். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனையை ரத்து செய்தது. போன வருடங்கள் போனதுதான். அவர் எதிர்த்துப் பேசியது அதிகாரத்தில் இருந்தவர்களை. நம் பையன் பேசியது, மைக் பக்கமே போக முடியாத பதினாறு வயதுப் பிள்ளைகளை. இந்த வித்தியாசம் விதியிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம், விதி முன்கூட்டியே இருக்க வேண்டும். 2019 ஜனவரியில் கிரிக்கெட் வீரர்கள் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் டிவி நிகழ்ச்சி ஒன்றில் பெண்களைப் பற்றிப் பேசியதற்கு என்ன நடந்தது? ஆஸ்திரேலியாவிலிருந்து பாதியில் திருப்பி அழைத்து 11-ஆம் தேதி சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரிக்க வேண்டிய கிரிக்கெட் வாரியக் குறைதீர்ப்பாளரே அப்போது நியமிக்கப்படவில்லை. 24-ஆம் தேதி தடையை நீக்கினார்கள். ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் வந்தது. கோபம் வந்தபோது தண்டனை, கோபம் ஆறியதும் விடுதலை என்றுதான் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. எத்தனை மேட்ச் என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தால் அவர்களுக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சன் விஷயம் கொஞ்சம் பரவாயில்லை. 2021-இல் லார்ட்ஸில் அவருடைய முதல் டெஸ்ட் நடக்கும்போது, 2012, 2013-இல் போட்ட இனவெறி, பெண்வெறுப்புப் பதிவுகள் வெளியே வந்தன. விசாரணைக்குப் பிறகு 8 ஆட்டம் தடை, அதில் 5 ஆட்டத்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். மீதி 3 ஆட்டத்தை அதற்குள் இழந்திருந்ததால் திரும்ப வந்து ஆடினார். மறுபடி வாய்விட்டால் அந்த 5-உம் தலைமேல் விழும். இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதில் போட்டதை எட்டு, ஒன்பது வருடம் கழித்துத் தோண்டி எடுப்பது நமக்கு வேண்டாம். நம் பிள்ளைகள் பதிமூன்று வயதில் யாரோ கொடுத்த போனில் என்னென்னவோ பதிந்திருப்பார்கள். டீமில் பேர் பதிந்த நாளிலிருந்து பேசியதுதான் கணக்கில் வரட்டும்.

எங்கள் பக்கத்தில் சிலர் அந்தப் பையனுக்கு ஆயுள் தடை கேட்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. பாண்டியாவுக்கு 20 லட்சம் போனாலும் அந்த வருடமே உலகக் கோப்பை ஆடினார். நம் பையனுக்குக் கால்பந்து என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட்டு, முடிந்தால் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ சதர்ன் ரயில்வேயிலோ ஒரு வேலை. தனபால் கணேஷ் இந்த வியாசர்பாடி மண்ணிலிருந்து இந்திய டீம் வரைக்கும் போனதைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு வருடம் மைதானத்தை மூடினால் அவன் எங்கே போய் நிற்பான் என்று உங்களுக்கே தெரியும். நாலு மேட்ச் உட்கார வையுங்கள். இன்னும் நாலு மேட்ச் தடையை, மறுபடி பேசினால் மட்டும் விழும்படி நிறுத்தி வையுங்கள். பிராக்டிஸுக்கு மட்டும் தினமும் வரச் சொல்லுங்கள். தடையை மாதக் கணக்கில் போடாதீர்கள், மழை மாதத்தில் இங்கே டோர்னமெண்ட்டே நடப்பதில்லை.

ஒரு கமிட்டி தடை போட்டு இன்னொரு கமிட்டி வெளி பிளேயராக இறக்கினால் எல்லாம் வீண். உங்களுக்குள் ஏரியா சண்டை ஆயிரம் இருக்கலாம், இந்த ஒரு பட்டியலை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். விசாரிக்கும் மூன்று பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அந்த டீமோடு சொந்தமோ ஸ்பான்சரோ உள்ளவர் அதில் உட்காரக் கூடாது. பையனும் வந்து தன் பக்கத்தைச் சொல்லட்டும். கோல் அடிக்கிறவனுக்கும் பெஞ்சில் இருக்கிறவனுக்கும் ஒரே கணக்குதான். பேசுகிற கோச்சுக்கும் அதே. 2021-இல் ஒடிசா எஃப்.சி.யின் கோச் ஸ்டூவர்ட் பாக்ஸ்டர், பெனால்டி கிடைக்காததைப் பாலியல் வன்கொடுமையோடு சேர்த்துப் பேசினார், மறுநாளே கிளப் அவரை வேலையை விட்டு எடுத்தது.

டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த வந்தனா கட்டாரியாவின் ஹரித்வார் வீட்டு வாசலில், அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். திட்டியவர்கள் அணி வீரர்கள் இல்லை, தெருவில் நின்றவர்கள். நம் ஊரிலோ கப்பு ஜெயித்த வீரனே மைக்கில் ஆரம்பித்து வைக்கிறான். அடுத்து தெருவில் நிற்பவர்கள் எங்கள் பிள்ளைகளின் வாசலுக்கு வரமாட்டார்கள் என்று உங்களில் யார் எனக்கு உறுதி கொடுப்பீர்கள்?

பொங்கல் டோர்னமெண்ட்டுக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கூட்டம் போடுவீர்கள். "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று வழக்கமாகப் போடும் வரிக்குக் கீழே இந்த விதியையும் சேருங்கள். என்ட்ரி ஃபார்மில் ஒவ்வொரு வீரரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போடட்டும். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் கேப்டனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், விதியை எழுதும்போது அவளும் உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து உங்கள் தங்கை