அங்கன்வாடி வேலியில் உள்ள பொன்னரளியை அகற்றக் கோரும் மனு

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவாரூர்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவள். எங்கள் ஊர் அங்கன்வாடியைச் சுற்றிப் பொன்னரளிதான் வேலி. 2018 கஜா புயலில் பழைய வேலி சாய்ந்த பிறகு, சீக்கிரம் வளரும், ஆடு மாடு வாய் வைக்காது என்று நட்டார்கள். நஞ்சு என்பதால்தான் ஆடு வாய் வைப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த விவரம் ஏது? சென்ற மாதம் ஒரு குழந்தை, உதிர்ந்து கிடந்த காயைக் கடித்து வாந்தி எடுத்தது. 108 ஆம்புலன்ஸ் விரைந்து வந்ததால் பிழைத்தது. அரளி விதையின் நஞ்சு இதயத் துடிப்பைக் குறைத்துத் தாறுமாறாக்கிவிடும். அதற்கான முறிவு மருந்து விலை மிகுந்தது, எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை.

இதைச் சாக்காக வைத்துக் கோயில் நந்தவனத்துச் செவ்வரளியையும் வெட்ட வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். கேரளத்தில் 2024ஆம் ஆண்டு கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு அரளியை நிறுத்தவில்லையா என்று கேட்கிறார்கள். அங்கே நிறுத்தியது வாயில் போடும் பிரசாதத்திலும் நிவேத்தியத்திலும்தான். பூசைக்குத் தடை இல்லை. செவ்வரளியும் வேர் முதல் பூ வரை நஞ்சுதான், நான் மறுக்கவில்லை. மாலை கட்டி முடித்தால் கை கழுவாமல் சோற்றைத் தொடமாட்டோம். சித்த வைத்தியத்தில் அதன் வேர்ப்பட்டையைத் தோல் நோய்க்கு மேற்பூச்சாகவே சொல்வார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை இராகு காலத்தில் துர்க்கைக்கு அந்த மாலைதான் கேட்கிறார்கள். நம் மாவட்டத்துத் திருக்கரவீரத்தில் அலரி என்னும் இந்தச் செவ்வரளிதான் தல விருட்சம், சம்பந்தர் பாடிய தலம். சுற்றுச்சுவருக்குள் பூசைக்காக நிற்கும் செடியும், குழந்தைகள் விளையாடும் இடத்தில் காய் உதிர்க்கும் மரமும் ஒன்றா?

ஆகவே அங்கன்வாடி, பள்ளி ஓரங்களில் உள்ள பொன்னரளியை வேரோடு எடுத்து, அங்கே நொச்சியும் ஆடாதோடையும் வைக்க ஊராட்சிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். இவற்றையும் ஆடு கடிக்காது. வெட்டிய கிளைகளை அடுப்புக்குக் கொடுக்கவோ, கொளுத்தவோ, குளத்தில் போடவோ விடக் கூடாது; காய்ந்தாலும் நஞ்சு போகாது, புகையும் ஆகாது. குழிவெட்டிப் புதைப்பதே நல்லது. நந்தவனத்துச் செவ்வரளியை விட்டுவிட்டு, கதவுக்குப் பூட்டும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் வைத்தால் போதும். மழைக்காலம் தொடங்குமுன் செய்தால் புதுச் செடிகள் வேர் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
பூக்கட்டும் தொழிலாளி